பத்தல

ஜூன் 4, புதன்

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் நஸ்ரின் இன்று இந்த டைரியை என் கையில் திணித்தது. "அம்மா, சார் வீட்ல என்ன வார்த்தை சொன்னாலும் இதுல எழுதுங்க. என்ன வார்த்தை, யார்கிட்ட, எந்தச் சந்தர்ப்பத்துல. இந்த மூணு மட்டும் இருந்தா எனக்குப் போதும். கதை வேண்டாம்" என்றது. சின்னப் பிள்ளை. எனக்குக் கதையில்லாமல் எழுத வராது என்பது அதற்கு எப்படித் தெரியும்?

வார்த்தை: பத்தல. யாரிடம்: என்னிடம். சந்தர்ப்பம்: மதியச் சாப்பாடு.

ஏப்ரலில் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போன பிறகு என் வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது. எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். "பத்தல." இன்னொரு கரண்டி. "பத்தல." ரசம் ஊற்றிப் பிசைந்து ஊட்டினேன். கடைசியில் எல்லாம் வாந்தியாக வந்துவிட்டது. சட்டையையும் தரையையும் துடைத்துக்கொண்டிருந்தபோதும் என்னைப் பார்த்து அதையேதான் சொன்னார்.

நாளைக்கு அரிசி கொஞ்சம் கூடப் போட வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

காப்பி கொடுத்தேன், பத்தல. ஃபேனைக் கூட்டி வைத்தேன், பத்தல. குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தலை சீவி, மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்தேன். அதற்கும் பத்தல. சீப்பை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

என் மாமியார் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்கு ஆகிறது. இப்போது மகன் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த அன்றிலிருந்து அந்த அம்மா இந்த வார்த்தையைத்தான் என் மேல் போட்டுக்கொண்டிருந்தார். குழம்புக்குப் புளி பத்தல. கொண்டுவந்த நகை பத்தல. மாலினி பிறந்தபோது, பொட்டப்பிள்ளை என்றதும், தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு எடை பத்தல என்றார். "ஜெயக்கொடி, நீ பத்தல" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லவும் முடியாது. நம் பேச்சில் அந்த வார்த்தை உப்புக்கும் துணிக்கும் பணத்துக்கும்தான், ஆளுக்குக் கிடையாது. ஆனாலும் அவர் சொன்னது என்னைத்தான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இவர் மட்டும் அந்தப் பக்கம் சாய்ந்ததே இல்லை. சாப்பிட்டுக் கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான இருந்துச்சு" என்பார், அம்மாவின் காதில் விழுகிற மாதிரி. அந்த ஒரு வார்த்தையில் நான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. மூளையில் அடிபட்டவருக்குப் பொய் எல்லாம் கழன்று போய் உண்மை மட்டும் மிஞ்சுமோ?

ஜூன் 11, புதன்

நஸ்ரின் டைரியைப் படித்துவிட்டு, "கதை வேண்டாம்னு சொன்னேனேம்மா" என்று சிரித்தது. அப்புறம் மாமியார் பக்கத்தைப் படித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டது.

"மிஞ்சுற வார்த்தையை அவங்க தேர்ந்தெடுக்கறதில்லம்மா. வாயில தழும்பு விழுந்த வார்த்தை எதுவோ அது நின்னுரும். சிலருக்கு சாமி பேர் நிக்கும், சிலருக்குக் கெட்ட வார்த்தை. சார் என்ன வேலை பாத்தாங்க?"

"தீப்பெட்டி ஆபீஸ்ல சூப்பர்வைசர்" என்றேன். கோவில்பட்டியில் வேறு என்ன வேலை?

"அங்க என்ன செய்வாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டு கட்டாகக் குச்சி வரும். ஒவ்வொன்றிலும் ஒரு குச்சியை உருவி உரசிப் பார்ப்பார். தீப்பிடித்தால் "பத்தும்" என்பார், கட்டு உள்ளே போகும். மருந்து நமுத்துப் போய்ப் பிடிக்காவிட்டால் "பத்தல" என்பார், கட்டு ஓரமாகப் போகும். காலையிலிருந்து சாயங்காலம் வரை, வேலையை விட்டு நிற்கும் வரை, இதே இரண்டு வார்த்தைதான்.

"பாத்தீங்களா? உங்க சமையலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றது நஸ்ரின்.

ஆட்டோவில் வரும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். மனசு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து உலை வைக்கும்போதுதான் இன்னொரு கேள்வி வந்தது. இரண்டு வார்த்தையும் ஒரே அளவுதானே சொல்லியிருப்பார்? பத்தும் என்பதைத்தான் அதிகம் சொல்லியிருப்பார், இல்லாவிட்டால் முதலாளி ஆபீஸை மூடியிருப்பாரே. அப்புறம் ஏன் பத்தல மட்டும் நின்றது?

ஜூன் 14, சனி

புத்தி கெட்ட வேலை ஒன்று செய்தேன்.

தீப்பெட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். பழகிய சாமானைப் பார்த்தால் மற்ற வார்த்தையும் வந்துவிடும் என்று ஒரு நப்பாசை. பெட்டியை நான் பிடித்துக்கொண்டேன். இடது கையால் குச்சியை எடுத்தார். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது கைநழுவி விழுந்தது. மூன்றாவதை உரசினார், அழுத்தமே இல்லை, பிடிக்கவில்லை. குச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பத்தல" என்றார். அழுதுவிட்டார்.

இவர் அழுது நான் பார்த்ததில்லை. மாமியார் இறந்தபோதும் இல்லை. தீப்பெட்டியை மேல் தட்டில் வைத்துவிட்டேன். இனி லைட்டர்தான்.

ஜூன் 20, வெள்ளி

காலையிலிருந்து கரண்ட் இல்லை. மின்வாரியத்தில் பராமரிப்பாம். விசிறியால் வீசிக் கை கழன்றுவிட்டது. இவருக்கு முதுகில் புண் வருகிற மாதிரி சிவந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போட வேண்டும். உடம்பு என்னமோ இளைத்துத்தான் இருக்கிறது, ஆனால் தூக்கினால் அரிசி மூட்டைதான்.

மாலினி ஓசூரிலிருந்து பேசினாள். "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"எப்படி இருக்கேன்? பீ மூத்திரம் அள்ளிக்கிட்டு இருக்கேன். போதும் போதும்னு ஆயிட்டு மாலினி. சாமி என்னையத் தூக்கிக்கிட்டாலும் சரி, இவுகளத் தூக்கிக்கிட்டாலும் சரி."

அவருக்குக் கேட்டிருக்காது. டிவி ஓடிக்கொண்டிருந்தது.

வார்த்தை: இன்று எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 21, சனி

இன்றும் எதுவும் சொல்லவில்லை. கஞ்சியை ஊட்டினேன், வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

பாத்ரூமில் வழுக்கிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. எழுத நேரமில்லை.

ஜூலை 7, திங்கள்

எழுத்து கோணலாக இருப்பதை நஸ்ரின் பொறுத்துக்கொள்ள வேண்டும். இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. எங்கள் வீட்டில் இப்போது ஆளுக்கொரு இடது கைதான்.

அவரைக் குளிப்பாட்டித் தூக்கும்போது கால் வழுக்கி இருவரும் விழுந்தோம். அவர் மேல் அடிபடக் கூடாது என்று நான் கையை ஊன்றினேன். கை மடங்கிவிட்டது. அவர் என் மேலேயே கிடந்தார். என்னாலும் எழுந்திருக்க முடியவில்லை, அவராலும் முடியவில்லை. குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்தி, எதிர்வீட்டார் வந்து கதவை உடைத்துத் தூக்கினார்கள். துணியில்லாமல் கிடந்தார் மனிதர். ஆபீஸுக்கு இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் போகாதவர். அவர்கள் வரும்வரை என் காதுக்குப் பக்கத்தில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பத்தல, பத்தல, பத்தல.

எதிர்வீட்டுக்காரர் சொன்னார், "அண்ணாச்சிக்குத் தண்ணி பத்தலையாம் போல." குழாயை மூடச் சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

மாலினி வந்திருக்கிறாள். பார்த்துக்கொள்ள ஆள் வைத்தாள், ஒருத்தி மூன்றே நாளில் நின்றுவிட்டாள், அடுத்தவள் வரவே இல்லை. ஓசூருக்குக் கூப்பிட்டுப் போகலாமென்றால் அவள் வீடு மாடியில், படிதான் இருக்கிறது, மாப்பிள்ளைக்கும் நைட் ஷிஃப்ட். திருநெல்வேலிப் பக்கம் ஒரு இல்லம் இருக்கிறதாம். நர்ஸ்கள் உண்டு, தூக்கிவிட ஆண்கள் உண்டு.

"உன்னால முடியலம்மா. அத ஒத்துக்கோ."

"யாருக்கு முடியல? கை கட்டுப் பிரிச்சா சரியாப் போகும்."

"அடுத்த தடவை விழுந்து இடுப்பு போச்சுன்னா? அப்பாவை யார் பாப்பா, உன்னைய யார் பாப்பா?"

"கட்டுன பொண்டாட்டி குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது புருஷனை இல்லத்துல விட்டாள்னு ஊர் சொல்லும்."

"ஊர் வந்து தூக்குமா?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம், கண்ணைத் துடைக்க இருவருக்குமே வசதியாக இருந்தது.

ஜூலை 23, புதன்

நஸ்ரினிடம் போனோம். இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

மேஜைக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அது. படம் போட்ட அட்டைகளை வரிசையாகக் காட்டியது. சோறு. "சார், இது பத்தலையா?" இல்லை என்று தலையாட்டினார். தண்ணீர், கட்டில், மருந்து. இல்லை, இல்லை, இல்லை. என்னைக் காட்டி, "அம்மா பத்தலையா?" என்று விளையாட்டாகக் கேட்டது. அவர் வேகமாகத் தலையை ஆட்டினார், இல்லவே இல்லை என்று.

"அப்ப எது சார் பத்தல?"

இடது கையை மெல்லத் தூக்கினார். நெஞ்சில் வைத்தார். வாய் கோணி, இழுத்து, வியர்த்து, "நா… நான்" என்றார். அப்புறம், "பத்தல."

நஸ்ரின் கை தட்டிவிட்டது. "ரெண்டு வார்த்தை சேந்துருச்சும்மா! நான்ங்கிற வார்த்தை வந்துருச்சு! இது ரொம்பப் பெரிய முன்னேற்றம்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டிய கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டது.

நல்ல பிள்ளை, குற்றம் சொல்ல முடியாது. அதன் வேலை வார்த்தையை எண்ணுவது.

கிளம்பும்போது அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டது. ரிப்போர்ட்டில் மனநிலை என்று ஓர் இடம் இருக்கிறதாம்.

"தாழ்வு மனப்பான்மைன்னு போடவாம்மா?"

"அது பள்ளிக்கூடத்துப் பாடத்துல வர்ற வார்த்தை. இவுக யாரையும் பாத்துத் தாழ்வா நினைக்கல."

"இயலாமை?"

"அது கை காலைச் சொல்லுது. கை கால் போனதுக்கு இவுக அழல. தீக்குச்சிக்குத்தான் அழுதாக."

"அப்ப… கையாலாகாத உணர்வுன்னு?"

"வேண்டாம். அது வசவு. என் புருஷனை எழுத்துல வையாதீங்க."

"நீங்களே சொல்லுங்கம்மா."

"பத்தலன்னே எழுதுங்க" என்றேன். அதில் ஓர் அளவு இருக்கிறது. ஒன்றுமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. இருக்கிறது, ஆனால் உனக்குத் தேவைப்படுகிற அளவுக்கு இல்லை என்கிறார். யாருக்கோ பரிமாறப் போய்ப் பாத்திரத்தில் குறைந்துபோனவன் சொல்கிற வார்த்தை அது. அதை ஆஸ்பத்திரித் தமிழில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நஸ்ரின் ரிப்போர்ட்டில் ஏதோ எழுதி அடித்தது. கடைசியில் பத்தல என்றே எழுதியது.

ஜூலை 24, வியாழன்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எத்தனை நாள் முடியும்? மாலினி போன் பண்ணின அன்றைக்கு டிவி ஓடவில்லை. கரண்டே இல்லை. மாலினியிடம் நான் சொன்ன ஒவ்வொரு எழுத்தும் அவர் காதில் விழுந்தது. கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

ஜூலை 25, வெள்ளி

காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை என் பக்கம் திருப்பி, "எனக்கு நீங்க போதும்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். தாடை இறுகியது. அப்புறம்தான் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. போதும் போதும்னு ஆயிட்டு என்று சொன்ன அதே வாய், அதே வார்த்தை. அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்? என்ன தமிழ் இது. வயிறு நிறைந்தாலும் போதும், வெறுத்துப் போனாலும் போதும்.

வேறு வார்த்தை பார்க்க வேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். சாமி பாட்டு மாதிரி இருந்தது. நிறைவா இருக்கேன் என்றேன், மேடைப் பேச்சு. உங்களைப் பிடிக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன், இந்த வயசில் வெட்கமாகப் போயிற்று, "புளிக்குழம்பு பிடிக்கும்ல" என்று முடித்தேன். அவருக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. வாய் ஒரு பக்கம்தான் அசைகிறது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஜூலை 28, திங்கள்

கிடைத்துவிட்டது. இத்தனை நாளும் அவரிடமேதான் இருந்திருக்கிறது.

காலையில் "நான் பத்தல" என்றார். நான் அவர் நெஞ்சில், அவர் கை வைத்த இடத்திலேயே என் கையை வைத்து, ஆபீஸில் அவர் சொல்கிற தோரணையில், "பத்தும்" என்றேன். கட்டு உள்ளே போகிறது என்கிற மாதிரி.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"பத்தல" என்றார்.

"பத்தும்."

"பத்தல."

"பத்தும்னா பத்தும். நான் உரசிப் பாத்த குச்சி. எனக்குத் தெரியாதா?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்து நாற்றம் வரும்வரை இதே சண்டைதான். இந்த வீட்டில் நாங்கள் சண்டை போட்டே எவ்வளவு நாளாயிற்று. பாத்திரத்தைத் தேய்க்கும்போது பாட்டு வந்தது எனக்கு.

ஆகஸ்ட் 6, புதன்

தினமும் காலையில் சண்டை நடக்கிறது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பத்தும் என்று ஒரு தரம் கூட அவர் வாயில் வரவில்லை. உதட்டைக் குவிக்கிறார், "ப" வருகிறது, பாதியில் பழைய வார்த்தைக்கே ஓடிப்போய்விடுகிறது. "வற்புறுத்தாதீங்கம்மா, காதுல விழுந்துக்கிட்டே இருந்தா ஒரு நாள் வரும்" என்கிறது நஸ்ரின்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை முருங்கைக்காய் மாதிரி சூம்பியிருக்கிறது. இனி கனம் தூக்கக் கூடாது என்றார் எலும்பு டாக்டர். "எவ்வளவு கனம்?" என்றேன். "தண்ணிக்குடம்கூட வேண்டாம்" என்றார். இவரைப் பற்றி அவரிடம் நான் கேட்கவில்லை.

முதுகில் சிவந்திருந்த இடம் புண்ணாகிவிட்டது. எதிர்வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டுப் புரட்டிப் போட்டேன். முதலில் ஓடி வந்தார்கள். இப்போது கூப்பிட்டால் உள்ளேயிருந்து "இந்தா வாரோம்" என்று குரல் மட்டும் வருகிறது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாலினியிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சட்டை காலரில் பேர் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், துணி மாறிவிடுமாம். எத்தனையோ வருஷம் குடும்பம் நடத்தி நான் வாய்விட்டுச் சொல்லாத பேர். சவுந்தரபாண்டி, சவுந்தரபாண்டி என்று ஒவ்வொரு காலரிலும் அழியாத மையில் எழுதினேன். இஸ்திரி போட்டு மடித்தேன்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. துணிப்பெட்டியைப் பார்த்தார். எல்லாம் புரிந்திருக்கும். காலைச் சண்டையில் இன்று குரலே இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வண்டி சாப்பாட்டு நேரத்துக்கு வருவதாகச் சொன்னார்கள். சீக்கிரமே சமைத்துவிட்டேன். புளிக்குழம்பு, அப்பளம். நானே ஊட்டினேன். வாயை ஒழுங்காகத் திறந்து, வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். வாய் துடைத்துவிட்டேன். நல்லாத்தான இருந்துச்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். இரண்டு ஆண்கள் வந்து, ஒருத்தன் தோளையும் ஒருத்தன் காலையும் பிடித்து, அலுங்காமல் நலுங்காமல் தூக்கி வண்டிக்குள் உட்கார வைத்தார்கள். அவ்வளவு லேசாக. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாலினி முன்னால் ஏறிக்கொண்டாள். நான் அடுத்த வாரம்தான் வரலாமாம், புது ஆட்கள் பழக வேண்டுமாம். நான் வண்டிக்குள் தலையை நீட்டினேன். மருந்து நேரத்துக்குச் சாப்பிடணும், அடம் பிடிக்கக் கூடாது, அடுத்த ஞாயிறு வாரேன், இதெல்லாம் சொல்லத்தான் போனேன். அவர் இடது கையைப் பிடித்து என் நெஞ்சில் வைத்துக்கொண்டேன். அழக் கூடாது என்றிருந்தேன், அதுவும் நடக்கவில்லை.

"நான் பத்தலைங்க" என்றேன். "உங்களுக்கு நான் பத்தல."

என் மாமியார் வாயிலிருந்து வரக் கூடாதென்று ஆயுசு முழுக்கப் பயந்த வார்த்தையை நானே என் வாயால் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். உதடு குவிந்தது. முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. டிரைவர் வண்டியை எடுக்கலாமா என்றான், மாலினி பொறுங்க என்றாள்.

"பத்தும்" என்றார்.

தெளிவாக. ஆபீஸில் சொல்கிற மாதிரி. என் நெஞ்சில் இருந்த கையால் ஒரு தரம் தட்டினார், கட்டை உள்ளே அனுப்புகிற மாதிரி.

வண்டி போய்விட்டது. பாத்திரம் தேய்த்து, கட்டிலில் விரிப்பை மாற்றினேன். புதன்கிழமை நஸ்ரினிடம் இந்த டைரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கதை வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னது.

வார்த்தை: பத்தும்.

யாரிடம்: என்னிடம்.

சந்தர்ப்பம்: நான் அவரை அனுப்பி வைத்தபோது.